மோட்டார் மெருகுப் பொருள்கள்: அவற்றின் ஆயுளும் சேமிப்பும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் வீட்டில், மாடிப்படியின் அடியிலோ கொட்டகையின் மூலையிலோ, பாதி தீர்ந்த பாலிஷ் புட்டி ஒன்றேனும் கிடப்பது வழக்கம். அதை வாங்கிய ஆண்டு யாருக்கும் நினைவிராது. தசராவுக்கு முதல் நாள் வண்டியைக் கழுவித் துடைத்து மாலை சூட்ட முற்படும்போதுதான் அதன் ஞாபகம் வரும். எடுத்துப் பார்த்தால், மேலே மஞ்சள் நிறமாக ஓர் எண்ணெய்ப் படலம். நடுவே வெளிறிய நீர். அடியில், குச்சியால் குத்தினாலும் எளிதில் அசையாத ஒரு கட்டி. இதைப் பயன்படுத்தலாமா, எறிந்துவிட வேண்டுமா?

கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும் இதற்கு விடையை ஊகத்தாலேயே கூறுவோர் மிகுதி. பாலிஷ் என்றுமே கெடாது என்பார் ஒருவர்; ஓராண்டு கழிந்தால் தொடவே கூடாது என்பார் மற்றொருவர். இருவர் கூற்றும் பிழையே. மெருகுப் பொருள் என்னும் ஒரே பெயரால் நாம் அழைப்பவை உண்மையில் தம்முள் வேறுபட்ட ஐந்தாறு வகைப் பண்டங்கள். அவை ஒவ்வொன்றும் தனக்குரிய வழியில் மூப்படைகின்றன. தவறாக விடை கூறுவதால் நேரும் நஷ்டம் ஒரு புட்டியின் விலையோடு நின்றுவிடுவதில்லை. வண்டியின் மேற்பூச்சு கீறிப் பாழாகலாம், கொட்டகையில் தீப்பற்றலாம், குழந்தை ஒன்றின் உயிருக்கே ஆபத்து விளையலாம். ஆதலின் இப்பொருள்களின் இயல்பைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

மெருகு என்பது யாது?

கடைகளில் விற்கும் பண்டங்களை அவற்றின் வேலையைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம். தேய்த்து மெருகிடுபவை முதல் வகை. இவற்றில் மிக நுண்ணிய கடினத் துகள்கள் எண்ணெயும் நீரும் கலந்த குழம்பில் மிதக்கின்றன. பூச்சின் மேல் தங்கிக் காப்பளிக்கும் மெழுகுகள் இரண்டாம் வகை. மேற்பரப்பில் இறுகிக் கண்ணாடி போன்ற படலமாக மாறும் சிலிக்கான் பூச்சுகள் மூன்றாம் வகை. இவற்றையே அங்காடியில் ‘செராமிக் கோட்டிங்’ என்கின்றனர். நடைமுறையில் ஒரே புட்டியில் முதல் இரண்டையும் கலந்து விற்பதும் உண்டு.

இன்றைய காரின் பூச்சில் நிறம் தரும் அடுக்கின் மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று உள்ளது. அதன் தடிப்பு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான். தலைமயிரின் தடிப்பைவிட இது குறைவு. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள்கள் பெரிதும் இவ்வடுக்கிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. மெருகிடுதல் என்பது இவ்வடுக்கில் ஒரு சிறு பகுதியைத் தேய்த்து அகற்றிக் கீறல்களைச் சமன்செய்வதே. வங்காளத்தின் உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு வரை உற்பத்தியான அம்பாசிடர் வண்டிகளில் பழைய மாதிரிகளை இன்றும் பேணுவோர் சிலர் உளர். அவற்றின் எனாமல் பூச்சில் தெளிபூச்சு கிடையாது. தேய்க்கும் துணியில் வண்டியின் நிறமே படிவதைக் கொண்டு இதை அறியலாம். எந்தப் பூச்சாயினும், தேய்த்து அகற்றியதை மீண்டும் வைக்க இயலாது என்பதை மறத்தலாகாது.

துகள் ஏன் அடியில் படிகிறது?

தேய்க்கும் துகளாக இன்று பெரிதும் பயன்படுவது அலுமினியம் ஆக்ஸைடு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் இது 9-ஆம் படியைச் சேர்ந்தது. தெருமணலில் உள்ள படிகக்கல் 7-ஆம் படியையே எட்டும். இத்துகள் நீரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு அடர்த்தி உடையது. எனவே அது கீழ்நோக்கி இறங்குவதில் வியப்பில்லை. எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதே வினா.

இதற்கு விடை தரும் விதியைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இலேயே வகுத்தளித்தார். திரவத்தில் விழும் சிறு கோளத்தின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கும், கோளத்துக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வேற்றுமைக்கும் நேர் விகிதத்தில் அமையும். திரவத்தின் பிசுப்புத் தன்மைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். ஒரு மைக்ரான் விட்டமுள்ள அலுமினியம் ஆக்ஸைடுத் துகளை வெறும் நீரில் இட்டால், இவ்விதிப்படி அது ஒரு நாளில் சுமார் 14 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அதாவது காலையில் கலக்கி வைத்த புட்டி மறுநாள் காலைக்குள் தெளிந்துவிடும். அதே திரவத்தை ஆயிரம் மடங்கு பிசுப்பாக்கினால், ஒரு நாளைய இறக்கம் 0.14 மில்லிமீட்டராகக் குறைகிறது. ஓராண்டில் இறங்குவது 5 சென்டிமீட்டர். துகளின் விட்டம் இரு மைக்ரானாக இருப்பின் இவையெல்லாம் நான்கு மடங்காகும் என்பதையும் வாசகர்கள் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஆகவே வெறும் பிசுப்பை நம்பி எந்தத் தயாரிப்பாளரும் மூன்றாண்டு ஆயுளை எதிர்பார்க்க முடியாது. பென்டோனைட்டு என்னும் களிமண் வகையையோ, சில செயற்கைப் பிசின்களையோ சிறிதளவு சேர்க்கின்றனர். இவை குழம்பினுள் மெல்லிய வலைபோல் பின்னிக்கொண்டு, அசையாதிருக்கும்போது துகளைத் தாங்கி நிற்கின்றன. குலுக்கும்போதும் தேய்க்கும்போதும் வலை அறுந்து குழம்பு இளகுகிறது. விட்டுவிட்டால் மீண்டும் பின்னிக்கொள்கிறது. தக்காளிச் சாஸ் புட்டியைக் கவிழ்த்தால் முதலில் வாராது, தட்டியபின் மளமளவென்று கொட்டும் அனுபவம் யாவருக்கும் உண்டு. அதுவும் இத்தகைய குணமே. நாளடைவில் இவ்வலை தளர்வதும், உப்புக் கலப்பாலோ உஷ்ணத்தாலோ அறுபடுவதுமே பாலிஷின் மூப்பில் முதற்படி.

இங்கே முரணாகத் தோன்றும் செய்தி ஒன்றுண்டு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நன்கு பிரிந்து மிதக்கும் குழம்பே மேலானது என்று எண்ணுவோம். ஆனால் அவ்வாறு தனித்து நிற்பவை இறங்கிப் படியும்போது, அரிசியை மரக்காலில் குலுக்கி நிரப்பியதுபோல் இடைவெளியின்றி நெருங்கி அமைந்து, செங்கல் போன்ற கட்டியாகின்றன. அதைக் கலைப்பது அரிது. இலேசாகக் கொத்துக் கொத்தாக ஒட்டி மிதப்பவையோ பஞ்சுபோல் உப்பிய படிவாகத் தங்குகின்றன. இருமுறை குலுக்கினாலே எழுந்துவிடும். எனவே புட்டியின் அடியில் படிவு இருக்கிறதா என்பது முக்கியமன்று. அது எழுகிறதா என்பதே சோதனை.

குலுக்காமல் பயன்படுத்துவதால் விளையும் கேடு இரு முனைகளிலும் உண்டு. புட்டியின் மேற்பாதியில் துகள் குறைந்து எண்ணெய் மிகுந்திருக்கும். தேய்த்தால் பளபளப்பு வரும், கீறல் மறைந்தது போலவும் தோன்றும். இரு முறை மழையில் நனைந்ததும் எண்ணெய் நீங்கிக் கீறல்கள் மீண்டும் வெளிப்படும். கீழ்ப்பாதியிலோ துகள் செறிந்திருக்கும். ஆறு மாதத்துக்கு முன் மென்மையாக வேலை செய்த அதே பாலிஷ் இப்போது வட்ட வட்டமாகக் கீறுகிறதே என்று மெருகிடுவோர் பஃப் இயந்திரத்தையும் துணியையும் குறைகூறுவதை நான் கேட்டிருக்கிறேன். குறை புட்டியின் அடியில் இருந்தது.

பழைய புட்டியை எடுக்குமுன் ஓரிரவு தலைகீழாக நிறுத்திவைத்து, மறுநாள் இரண்டு மூன்று நிமிடம் ஓயாமல் குலுக்குவது நல்ல பழக்கம். பிறகு ஒரு சொட்டை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்க வேண்டும். மாவுபோல் வழுக்கினால் நன்று. நறநறவென்று ஒரே ஒரு குருணை தட்டுப்பட்டாலும் அப்புட்டியைக் காரின் மேல் பயன்படுத்தலாகாது. வாயிலில் உலர்ந்து கட்டிய துகளும் இத்தகைய குருணையே. எனவே ஒவ்வொரு முறையும் புட்டியின் கழுத்தைத் துடைத்து மூடுதல் வேண்டும்.

எண்ணெயும் நீரும்

மெருகுக் குழம்பு பாலைப் போன்ற ஒரு பால்மம். பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதுபோல், இதில் பெட்ரோலிய எண்ணெயும் சிலிக்கோன் எண்ணெயும் நுண்துளிகளாக நீரில் மிதக்கின்றன. துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது சோப்பு அல்லது சோப்பை ஒத்த ஒரு பொருள். பல தயாரிப்புகளில் கொழுப்பு அமிலமும் டிரைஎதனாலமைன் என்னும் காரப்பொருளும் சேர்ந்த சோப்பே இவ்வேலையைச் செய்கிறது.

இதை அறிந்தால் ஒரு பொதுவான தவறு விளங்கும். பாலிஷ் தடித்துவிட்டது என்று கிணற்று நீரையோ குழாய் நீரையோ ஊற்றிக் கலக்குவோர் உளர். நம் நாட்டின் பெரும்பகுதியில் நிலத்தடி நீர் கடின நீர். அதிலுள்ள கால்சியம் உப்பு சோப்புடன் சேர்ந்து நீரில் கரையாத தயிர்போன்ற பொருளாகிறது. துணி துவைக்கும்போது நுரை வாராமல் வெண்படிவு உண்டாவது இதனால்தான். பாலிஷிலும் இதுவே நிகழ்கிறது: சோப்பு வீணாகிறது, துளிகளின் காப்பு நீங்குகிறது, எண்ணெய் பிரிந்து மேலே வருகிறது. புளிப்பான பொருள் எதுவும் கலந்தாலும் முடிவு இதுவே. வடித்த நீராயினும் ஊற்றாமலிருப்பதே சிறந்தது.

குளிரும் பால்மத்தைக் கெடுக்கும். லடாக்கிலும் காஷ்மீரிலும் பனிக்காலத்தில் கொட்டகையில் வைத்த புட்டி உறைந்துபோவது இயல்பு. நீர் பனிக்கட்டியாகும்போது எண்ணெய்த் துளிகளை எஞ்சிய சிறு இடத்தில் நெருக்கித் தள்ளுகிறது. அவை ஒன்றோடொன்று மோதி உடைந்து பெரிய துளிகளாகின்றன. உருகியபின் எவ்வளவு குலுக்கினும் பழைய நிலை திரும்புவதில்லை. அங்குள்ளோர் புட்டியை வீட்டினுள் வைப்பதே வழி.

உஷ்ணத்தின் வேலை

எஞ்சிய இந்தியாவுக்குப் பகை குளிரன்று, வெயிலே. ரசாயன மாற்றங்கள் உஷ்ணநிலையோடு எவ்வாறு விரைவு பெறுகின்றன என்பதை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரீனியஸ் 1889-இல் ஒரு சமன்பாட்டால் விளக்கினார். அன்றாடப் பயனுக்கு, 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று கொள்வது வழக்கம். 25 பாகையில் மூன்றாண்டு இருக்கக்கூடிய பொருள் 45 பாகையில் ஒன்பது மாதமே இருக்கும் என்பது இதன் பொருள். தயாரிப்பாளர்கள் புட்டிகளை 40 அல்லது 45 பாகை அறையில் சில மாதங்கள் வைத்துச் சோதித்து நீண்ட ஆயுளை மதிப்பிடுவதும் இவ்வடிப்படையிலேயே. ஆனால் இவ்விதியை எல்லையின்றி நீட்டுவது தவறு. தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகிவிடும். உருகி மீண்டும் உறைந்த மெழுகின் துகள் முன்போல் நுண்மையாக இராது. சிலவகைச் செயற்கைச் சோப்புகள் குறிப்பிட்ட உஷ்ணநிலைக்கு மேல் நீரில் பற்றிழந்து எண்ணெயில் கரையத் தொடங்குகின்றன. அந்நிலையில் பால்மம் தலைகீழாகவே மாறிவிடுகிறது. ஜப்பானிய விஞ்ஞானி ஷினோடா 1960-களில் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து விளக்கினார். இத்தகைய மாற்றங்கள் மெல்ல மெல்ல வருவன அல்ல. ஒரு பிற்பகலில் முடிந்துவிடுவன.

அப்படி ஒரு பிற்பகலை நாம் தினமும் நம் பாலிஷுக்கு அளித்து வருகிறோம். கண்ணாடி ஏற்றிய கார் வெயிலில் நின்றால், உள்ளே உஷ்ணநிலை வெளியைவிட ஏறக்குறைய 20 பாகை உயர்வதற்கு அரை மணி நேரமே போதும். மே மாதத்தில் நாகபுரியிலோ டில்லியிலோ வெளியில் 43 பாகை இருப்பின், உள்ளே 60-ஐத் தாண்டிவிடும். டிக்கியில் சற்றுக் குறைவாக இருக்கலாம்; எனினும் அது குளிர்ந்த இடமன்று. வண்டிக்கான பொருள் வண்டியிலேயே இருக்கட்டும் என்று பின் இருக்கையிலும் டிக்கியிலும் இவற்றை வைத்திருப்பதைப்போல் அவற்றின் ஆயுளைக் குறைக்கும் வழி வேறில்லை. எரியக்கூடிய வாயு அடைத்த தெளிப்பு டப்பாக்களை, அதாவது ‘ஸ்பிரே’ டப்பாக்களை, அங்கு வைப்பது ஆயுட்குறைவோடு நிற்காது. அவற்றின் மேல் 50 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வைக்கலாகாது என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அவ்வெல்லையைக் கார் எளிதில் கடந்துவிடுகிறது, டப்பா வெடிக்கக்கூடும்.

நாற்றம் கூறும் செய்தி

நீர் உள்ள இடத்தில் பாக்டீரியா வாழும். மெருகுக் குழம்பில் நீரும் உண்டு, உணவாகக் கொழுப்பும் பிசினும் உண்டு. எனவே தயாரிக்கும்போதே கிருமி தடுக்கும் பொருள் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. பெரும்பாலும் ஐசோதயசோலினோன் வகையைச் சேர்ந்த இப்பொருள், காரத்தன்மை மிகுந்தாலும் வெப்பம் மிகுந்தாலும் சிதைந்து குறைகிறது. அது தீர்ந்தபின், தட்டில் ஊற்றிய பாலிஷில் எஞ்சியதைப் புட்டியில் திரும்ப ஊற்றுவோர் கிருமிகளையும் சேர்த்தே ஊற்றுகின்றனர். அழுகிய முட்டை நாற்றம், நிறம் கருத்தல், மூடியைத் திறக்கையில் ‘புஸ்’ என்று காற்று வெளிவருதல், புட்டி உப்புதல் இவை யாவும் அடையாளங்கள். இத்தகைய புட்டியைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை.

மெழுகு டப்பா

மெழுகின் கதை வேறு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு 82 முதல் 86 பாகையில் உருகுவது. தாவர மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. வறண்ட காற்றில் தன் நீரைக் காத்துக்கொள்ள அப்பனை தன் இலைமேல் பூசிக்கொள்வதே இம்மெழுகு. ஆண்டுக்கணக்கில் வெயிலைத் தாங்கப் படைக்கப்பட்ட பொருள் டப்பாவுக்குள் நான்கு ஆண்டில் கெடுவதற்குக் காரணமில்லை. கெடுவது மெழுகு அன்று. அதை இளக்க வைத்திருக்கும் கரைப்பான் மூடியின் இடுக்கு வழியே ஆவியாகிப் போவதே நிகழ்கிறது. மெழுகு சுருங்கி டப்பாவின் விளிம்பை விட்டு விலகும், வெடிப்பு விழும், துணியில் ஒட்டாமல் பொடியும். பலர் இதைக் கெட்டது என எறிந்துவிடுகின்றனர். அது வீண் செலவு.

கரைப்பான் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வடித்த மினரல் டர்பன்டைன். சிறிதளவு சேர்த்து, மூடியைத் தளர்த்தி, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கினால் மெழுகு மீண்டும் பதமாகும். ஆனால் இவ்வேலையில்தான் பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது. மினரல் டர்பன்டைனின் தீப்பற்று நிலை 35 முதல் 40 பாகை அளவிலேயே தொடங்குகிறது. தீப்பற்று நிலை என்பது, திரவத்தின் மேலுள்ள ஆவி ஒரு பொறி கிடைத்தால் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த உஷ்ணநிலை. குளிர்நாடுகளின் புத்தகங்கள் இத்திரவத்தைச் சாதாரண அறை உஷ்ணத்தில் எளிதில் பற்றாதது என வர்ணிக்கும். நம் கோடையில் சாதாரண அறை உஷ்ணமே அவ்வெல்லையைத் தாண்டுகிறது. ஆகவே அங்கு எழுதியதை இங்கு அப்படியே கொள்ளலாகாது. நம் நாட்டின் பெட்ரோலியச் சட்டம், தீப்பற்று நிலை 23 பாகைக்குக் கீழ் உள்ளவற்றை முதல் வகுப்பாகவும், 23 முதல் 65 பாகைக்குள் உள்ளவற்றை இரண்டாம் வகுப்பாகவும் பிரிக்கிறது. மினரல் டர்பன்டைன் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. மெழுகை இளக்க வேண்டுமாயின், நீரை அடுப்பில் தனியே காய்ச்சி, அடுப்பை அணைத்து, வீட்டுக்கு வெளியே திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, அங்கே டப்பாவை அதில் வைக்க வேண்டும். டப்பாவை நேரே அடுப்பின் மேல் வைப்பது எக்காரணத்தாலும் கூடாது.

டர்பன்டைன் என்ற பெயரில் இமயமலைச் சரிவிலுள்ள சீர் பைன் மரத்தின் பாலிலிருந்து வடித்த எண்ணெயும் விற்கப்படுகிறது. பெயர் ஒன்றாயினும் குணம் வேறு. மரத்தின் எண்ணெய் பாதி நிரம்பிய புட்டியில் காற்றின் பிராணவாயுவை ஏற்று மஞ்சளித்துப் பசையாகிறது. அப்போது உண்டாகும் பெராக்ஸைடுகள் தோலில் கரப்பான் போன்ற ஒவ்வாமையை உண்டாக்கும்; நம் பைன் மரத்து எண்ணெயில் மிகுந்துள்ள காரீன் என்னும் பொருள் இதற்குப் பெரிதும் காரணம். இவ்வெண்ணெயைச் சேமிப்போர் சிறு புட்டிகளில் கழுத்துவரை நிரப்பி இருட்டில் வைக்க வேண்டும்.

பழைய வண்டிகளின் மரவேலைக்கு இடும் அரக்கு பாலிஷைப் பற்றியும் ஒரு சொல். அரக்கு நம் நாட்டுப் பொருள். அதன் ஆராய்ச்சிக்கென்றே 1924-இல் ராஞ்சிக்கு அருகிலுள்ள நாம்கும்மில் ஒரு நிலையம் தோன்றியது. உலர்ந்த அரக்குத் தகட்டைக் குளிர்ந்த இடத்தில் நெடுநாள் வைக்கலாம். ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டாலோ, அரக்கின் அமிலங்கள் ஸ்பிரிட்டுடனேயே மெல்லச் சேர்ந்து எஸ்டராகின்றன. அத்தகைய பழைய கரைசல் பூசினால் எத்தனை நாளாயினும் விரல் ஒட்டும். விசிறி போட்டு உலர்த்துவதால் தீராது. ஆறு மாதத்துக்குப் போதுமான அளவே கரைத்து, கரைத்த தேதியைப் புட்டியில் எழுதி வைப்பது தச்சர்களுள் கவனமுள்ளோர் பின்பற்றும் முறை.

ஈரத்தை அஞ்சும் பூச்சுகள்

செராமிக் பூச்சு எனப்படும் சிறு புட்டிகளில் சிலேன், சிலசேன் என்னும் சிலிக்கான் சேர்மங்கள் உள்ளன. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகுவதே இவற்றின் தொழில். வண்டியின் மேல் வேண்டப்படும் அக்குணமே புட்டிக்குள் பகையாகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரக்காற்று உள்ளே புகும். கொங்கணக் கரையில் ஜூலை மாதத்தில் திறந்த புட்டியும், இராஜஸ்தானத்தில் ஜனவரியில் திறந்த புட்டியும் ஒரே ஆயுள் உடையன அல்ல. திறக்காத புட்டி ஓராண்டோ சற்று மேலோ நிற்கும். திறந்தது பெரும்பாலும் சில வாரங்களே. புரியில் வெண்படிகம் தென்படுதல், திரவம் கலங்குதல், தேன்போல் தடித்தல் இவை முடிவின் அறிகுறிகள். சிலசேன் வகையில் ஈரம் புகுந்தால் அமோனியா வாயு எழும். ஆகவே காரமான நெடி வீசும் புட்டியை இறுக மூடி வைத்தல் ஆபத்து. இப்பூச்சுகள் விலை மிக்கவை. எஞ்சியதை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, வேலைக்கு ஏற்ற சிறு அளவையே வாங்குவது சிக்கனம்.

புட்டியும் மூடியும்

பக்கங்கள் உட்குழிந்து நசுங்கிய பிளாஸ்டிக் புட்டிகளைக் கடைகளில் காணலாம். யாரோ மிதித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். சாதாரணப் பாலிதீன் சுவர் வழியே பெட்ரோலியக் கரைப்பான் மெல்லக் கசிந்து வெளியேறும். உள்ளே அழுத்தம் குறைந்து சுவர் உட்குழியும். மூடியைத் திறவாமலே பொருள் குறைந்துவிடுகிறது. இதைத் தடுக்க உட்சுவரை ஃபுளோரின் வாயுவால் பதப்படுத்தும் முறை உண்டு. தகர டப்பா கரைப்பானை விடாது. ஆனால் நீர் கலந்த குழம்பை அதில் வைத்தால் துருப்பிடிக்கும். எனவே தயாரிப்பாளர் தேர்ந்த கலத்திலேயே பொருளை விட்டுவைப்பதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது.

சிக்கனம் கருதி மெருகிடும் கடைகள் பெரிய கேன்களில் வாங்கிச் சிறு புட்டிகளுக்கு மாற்றுகின்றன. அவ்வாறு மாற்றும் ஓரிடத்தை நான் பார்த்தேன். மினரல் டர்பன்டைன் குடிநீர்ப் புட்டியில் இருந்தது, மெருகுத் திரவம் குளிர்பானப் புட்டியில் இருந்தது, எதிலும் எழுத்தில்லை. வேலை செய்யும் பையன்கள் நிறத்தையும் மணத்தையும் கொண்டு அடையாளம் காண்பதாகக் கூறினார் உரிமையாளர். அவர் தம் தொழிலில் தேர்ந்தவர். வண்டிப் பூச்சை அவர் கை கெடுத்ததில்லை. ஆனால் அதே அலமாரியில் குடிக்கும் நீரும் இருந்தது.

மண்ணெண்ணெயைக் குடித்துக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவதை நம் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றனர். மினரல் டர்பன்டைனும் அதன் இனமே. இத்திரவங்கள் வயிற்றில் செய்யும் தீங்கைவிட நுரையீரலில் செய்யும் தீங்கு பெரிது. மிக இளக்கமாக இருப்பதால், விழுங்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ ஒரு சிறு அளவு மூச்சுக்குழலில் புகுந்து பரவி, நுரையீரல் அழற்சியை உண்டாக்குகிறது. ஆகவே குடித்தவரை வாந்தி எடுக்கச் செய்வது கூடாது. உப்புநீர் புகட்டுவதும் தொண்டையில் விரல் விடுவதும் நன்மை என எண்ணிச் செய்யும் கேடு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குடித்த புட்டியையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். புது டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1995-இல் அமைந்த தேசிய நச்சுத் தகவல் மையம் மருத்துவர்க்கும் பொதுமக்களுக்கும் இரவும் பகலும் ஆலோசனை தருகிறது. ஆனால் புட்டியில் பெயரே இல்லாவிடில் எந்த மையமும் என்ன கூறக்கூடும்?

சேமிக்கும் முறை

பொட்டலப் பொருள்களின் மேல் தயாரித்த காலத்தைப் பொறிக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகளில் அடங்கியது. ஆகையால் வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளலாம். கடை வாசலில் வெயிலில் அடுக்கிய புட்டி சென்ற மாதம் தயாரித்ததாயினும், உள்ளறையில் ஓராண்டிருந்த புட்டியைவிடக் கிழப்பட்டதாக இருக்கலாம். திறந்த தேதியை மையினால் மூடியில் எழுதுவதற்கு ஒரு கணமே ஆகும்.

வீட்டில் வைப்பதற்கு உகந்த இடம், கதவு பூட்டக்கூடியதும், அடுப்புக்கும் மின்சுவிட்சுக்கும் தொலைவானதும், வெயில் படாததுமான கீழ் அலமாரி. தகரக் கூரை வேய்ந்த கொட்டகையின் மேல் பரண் எவ்விதத்திலும் ஏற்றதன்று. நீர் கலந்த குழம்பு நல்ல இடத்தில் இரண்டு மூன்று ஆண்டும், மெழுகு டப்பா அதனினும் கூடுதலாகவும் நிற்கும். ஆளி விதை எண்ணெய் கலந்த மரப்பாலிஷைத் துடைத்த துணியைச் சுருட்டி அதே அலமாரியில் திணித்தல் கூடாது. அவ்வெண்ணெய் காற்றை ஏற்று இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. சுருட்டிய துணியில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி ஏறி ஏறி, பொறி ஏதுமின்றித் தானே தீப்பற்றும். துணியை விரித்துக் காயவிட வேண்டும், அல்லது நீரில் நனைத்து மூடிய தகரத்தில் இட வேண்டும்.

சந்தேகத்துக்கு இடமான புட்டியைச் சோதிக்க, வண்டியின் முகப்பைத் தேர்ந்தெடுப்போர் உளர், அது தகாது. டிக்கி மூடியின் உள்விளிம்பில், கதவைத் திறந்தால் மட்டுமே தெரியும் ஓரத்தில், உள்ளங்கையளவு இடத்தில் மென்துணியால் இலேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். நிழலில் தெரியாத கீறல் வெயிலில் தெரியும். ஒரு வரி தென்பட்டாலும் அப்புட்டி காருக்கு உதவாது. பித்தளைக் குத்துவிளக்கிற்கோ துருப்பிடித்த மண்வெட்டிக்கோ அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்கும் உதவாததைச் சாக்கடையில் ஊற்றலாகாது; கரைப்பான் ஆவி மூடிய சாக்கடையில் தேங்கி எரியக்கூடும், எண்ணெய் நீர்நிலையைச் சேரும். பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ ஊறவைத்து, திறந்தவெளியில் உலரவிட்டு, அபாயப் பொருள்களைத் தனியே ஏற்கும் நகராட்சிகளில் அவ்வாறே ஒப்படைத்துவிடுவது முறை.